ஆவாரம்பூவா, பட்டிப்பூவா, தேங்காய்ப்பூக் கீரையா? சலரோகக்காரரின் கோப்பைக்கு எது?

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரைக் கிராமங்களில் ஒருவருக்குச் சலரோகம், அதாவது நீரிழிவு, என்று கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டுவிட்டால், அவர் வீடு வந்து சேருமுன்னரே மூலிகை வந்து சேர்ந்துவிடும். என் பெரியம்மாவுக்கும் அப்படித்தான் நடந்தது. பக்கத்து வீட்டவர் ஒரு கைப்பிடி பட்டிப்பூவைக் கிள்ளி வந்து, வெறும் வயிற்றில் தினமும் ஏழு பூ மெல்லும்படி சொன்னார். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வாழ்க்கைப்பட்ட மச்சாள் காயவைத்த ஆவாரம்பூவை ஒரு பால்மா ரின்னில் போட்டுக் கொடுத்தனுப்பினார். மூன்றாமவர், சிங்களத்தில் பொல்பலா என்று சொல்லப்படும் தேங்காய்ப்பூக் கீரையை வேரோடு பிடுங்கி அவித்துக் குடித்தால் சீனியும் இறங்கும், நீர்க்கடுப்பும் தீரும் என்றார். மேசையில் இவற்றோடு சீனியைக் குறைக்க வைத்தியசாலை கொடுத்த மெற்போமின் மாத்திரைகளும் இருந்தன.

மூன்றும் நம் வளவிலும் வரம்பிலும் வெறும் நிலத்திலும் தாமாகப் பூக்கும் செடிகள். மூன்றுக்கும் பரம்பரைப் பயன்பாடு உண்டு. ஆயினும் மூன்றும் ஒரே தரத்தவை அல்ல. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டிப்பூ எந்த அளவிலும் வேண்டாம். தேங்காய்ப்பூக் கீரை, சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குக் கறியாக அவ்வப்போது ஆகும். தினசரிக் கசாயமாக ஆகாது. ஆவாரம்பூவை, பூவை மட்டும், இடைவெளி விட்டு, மாத்திரையைக் குறைக்காமல், வைத்தியருக்குச் சொல்லிவிட்டுக் குடிக்கலாம். இந்த முடிவுக்கு வர எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. நான் முதலில் நம்பியதும் இதுவன்று; மூன்றிலும் "வேலை செய்யும்" என்று ஆய்வுகூடம் வரை போய் நிரூபித்தது பட்டிப்பூதானே என்று நினைத்திருந்தேன். அது உண்மைதான். ஆனால் அது செய்யும் வேலை வேறு.

நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லிகை என்றும் பெயருள்ள பட்டிப்பூ மடகஸ்கார் தீவிலிருந்து உலகெங்கும் பரவிய செடி. கடற்கரை மணலிலும் உப்புக்காற்றிலும் தண்ணீர் ஊற்றாமலே பூப்பதால், கல்லடியிலிருந்து திருக்கோவில் வரை மதிலோரங்களிலும் மயானங்களிலும் அதைக் காணலாம். சலரோகத்துக்கு நல்லது என்ற பெயர் நம் ஊரில் மட்டும் இருந்ததன்று. கடல் கடந்த ஜமைக்காவிலும் அதன் இலைத் தேநீரை அந்த நோய்க்குக் குடித்தார்கள். 1952இல் அங்கிருந்த ஒரு நோயாளி 25 இலைகளைக் கனடாவிலிருந்த வைத்தியர் கிளார்க் நோபிளுக்கு அனுப்ப, அவர் அவற்றை ஆராய்ச்சியாளரான தம் சகோதரர் ரொபேர்ட் நோபிளிடம் கொடுத்தார். ரொபேர்ட் நோபிளும் சார்ள்ஸ் பியரும் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது குருதியில் சீனி குறையவில்லை. ஊசியாக ஏற்றியபோது எலிகள் சில நாட்களில் கிருமித்தொற்றால் இறந்தன. காரணம் தேடியதில், அவற்றின் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்து போயிருந்தமை தெரியவந்தது. சலரோக மருந்தாகத் தோற்றுப்போன இலை, வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு மருந்தாகக்கூடும் என்று அவர்கள் எண்ணியதிலிருந்துதான் வின்பிளாஸ்டினும், பின்னர் வின்கிறிஸ்டினும் வந்தன. குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு இன்றும் உலகெங்கும் ஏற்றப்படுவது இந்த வின்கிறிஸ்டின்தான்.

இந்தக் கதையை நம்மவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். "புற்றுநோயையே மாற்றுகிற பூ, சீனி வருத்தத்தை மாற்றாதா?" என்று கேட்பார்கள். வின்கிறிஸ்டின் கலங்கள் பிரிவதைத் தடுத்து நிறுத்தும் நஞ்சு. அந்த நச்சுத்தன்மையைத்தான் புற்றுநோய்க்கு எதிராகத் திருப்புகிறார்கள். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒருமுறை ஏற்றும் அளவு பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டாது. அதற்கே குருதி அணுக்களை எண்ணிப் பார்ப்பதும், கைகால் விறைப்பு வருகிறதா என்று கேட்பதும் நடைமுறை. செடியில் அது மிகச் சிறிய அளவில்தான் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் எந்தச் செடியில் எவ்வளவு, இலையிலா பூவிலா, எந்தப் பருவத்தில் என்பது மெல்லுகிறவருக்குத் தெரியாது. இச்செடியைக் குடித்து எலும்பு மச்சை தளர்ந்து குருதி அணுக்கள் குறைந்தவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. கருவுற்றிருக்கும் பெண் ஒருவர் இதைத் தொடவே கூடாது. பிரிந்து வளர்கின்ற கலங்கள்தாம் கரு. சலரோகத்தால் ஏற்கெனவே பாதத்தில் விறைப்பும் எரிவும் உள்ளவர், நரம்பைத் தாக்கக்கூடிய இன்னொன்றை ஏன் தேடிப்போய் மெல்ல வேண்டும்? பெரியம்மாவுக்கு அந்த எரிவு அப்போதே இருந்தது. "எங்கட வளவில பூக்கிற பூதானே மனே, என்ன செய்யப்போகுது?" என்று அவர் கேட்டபோது என்னிடம் தெளிவான பதில் இருக்கவில்லை, இப்போது இருக்கிறது.

மேசையில் இருந்த மாத்திரையையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்தே ஆகவேண்டும், ஏனென்றால் அதுவும் ஒரு காட்டுப்பூவின் வழித்தோன்றல். ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் ஈர நிலங்களில் ஊதா நிறத்தில் பூக்கும் கலேகா என்ற பயறினச் செடியை, அடிக்கடி சிறுநீர் போகும் நோய்க்கு அங்கத்தைய நாட்டு வைத்தியர்கள் பழங்காலந்தொட்டுக் கொடுத்து வந்தார்கள். அச்செடியை மேய்ந்த ஆடுகள் செத்ததும் உண்டு. அதிலுள்ள கலேகின் என்ற பொருள் சீனியைக் குறைக்கிறது என்று கண்டு 1920களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நஞ்சு மிகுதி என்று கைவிட்டார்கள். அதே வகைப் பொருட்களில் ஒன்றான மெற்போமினை 1922இல் டப்ளினில் செயற்கையாக ஆக்கினார்கள். 1957இல்தான் பாரிஸ் வைத்தியர் ஜீன் ஸ்ரேர்ன் அதைச் சலரோகக்காரருக்குப் பயன்படுத்திய விவரத்தை வெளியிட்டார். ஆகவே பூவுக்கும் மாத்திரைக்கும் பகை எதுவும் இல்லை. மாத்திரையில் 500 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பதும் அதுவே. செடியில் நஞ்சாக இருந்தது அதில் இல்லை. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலீற்றருக்குக் கீழே இறங்கினால் அதை நிறுத்த வேண்டும் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது. ஒரு கோப்பை மூலிகையிடம் நாம் கேட்க வேண்டியதும் இவ்வகைக் கேள்விகள்தாம்.

இனி ஆவாரை. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற பழமொழியால் அதற்கு வந்து சேர்ந்த புகழ் கொஞ்சநஞ்சமன்று. சித்த மருத்துவம் மதுமேகம் என்னும் சலரோகத்துக்குச் சொல்லும் மருந்துகளில் ஆவாரைக் குடிநீர் முதன்மையானது. ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டை என்பன சேர்ந்தது அது. கடலழிஞ்சில் என்பதுதான் சிங்களவர் குவளையாகக் கடைந்து விற்கும் கொத்தலஹிம்புட்டு. இந்தப் பட்டியலைக் கவனித்தால், பெருமைக்குரிய அந்த மருந்து வெறும் ஆவாரம்பூத் தேநீர் அல்ல என்பது புரியும். ரின்னிலிருந்து அள்ளிப் போட்டு வெந்நீர் ஊற்றிக் குடிப்பவர் சித்தர் சொன்ன மருந்தைக் குடிப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. அவர் குடிப்பது ஒரு நல்ல பானம்.

அந்தப் பானம் சீனியைக் குறைக்குமா? சலரோகம் உண்டாக்கப்பட்ட எலிகளில் பூச்சாறு குறைத்திருக்கிறது. மனிதரிடம் நம்பிச் சொல்லத்தக்க அளவு பெரிய சோதனைகள் இல்லை. பால்தேத்தண்ணியும் மூன்று கரண்டிச் சீனியுமாகக் குடித்துவந்தவர், அதை விட்டுச் சீனியில்லாத ஆவாரம்பூவுக்கு மாறினால் அந்த மாற்றமே அளவுமானியில் தெரியும் என்பது என் எண்ணம். அந்தப் பெருமையைப் பூவுக்குக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, மாத்திரையை நிறுத்தாதவரை.

பாதுகாப்பைப் பற்றி நம்மவர் பேசாத இரண்டு செய்திகள் உண்டு. இரண்டும் இலங்கை ஆய்வாளர்களிடமிருந்து வந்தவை. 1981இல் வெளியான ஓர் ஆய்வில், பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அர்சகுலரத்னவும் கூட்டாளிகளும் இங்கே வழக்கத்திலுள்ள பல மூலிகைகளைச் சோதித்து, ஈரலைக் கெடுக்கும் பைரோலிசிடீன் அல்கலோயிட்டுகள் மூன்றில் இருப்பதாகக் கண்டார்கள். ஒன்று கிலுகிலுப்பை இனம், ஒன்று குடசப்பாலை, மற்றையது நம் ஆவாரை. அவற்றைத் தின்ற எலிகளின் ஈரலில் மாற்றங்கள் தெரிந்தன. இந்த வகை நஞ்சு ஒரு நாளில் ஆளை வீழ்த்துவதில்லை; சிறுகச் சிறுக ஈரலில் வேலை செய்யும். இதனால் ஆவாரையை அடியோடு விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காலையும் மாலையும் ஆண்டுக்கணக்கில் குடிப்பதற்கும், வாரத்தில் இரண்டு நாள் குடிப்பதற்கும் இடையே பெருத்த வேறுபாடு இருக்கிறது என்று சொல்கிறேன். இரண்டாவது செய்தி 2004இல் வந்தது. வலிப்புக்குக் கொடுக்கும் காபமசிப்பீன் மருந்தோடு ஆவாரைத் தேநீரையும் எலிகளுக்குக் கொடுத்தபோது, குருதியில் அம்மருந்தின் அளவு ஏறத்தாழ அரைப்பங்கு கூடிவிட்டது; முடக்கொத்தான் தேநீரில் அப்படி நேரவில்லை. வலிப்பு மாத்திரை எடுக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால், எல்லோருக்குமாக ஒரே கேத்திலில் ஆவாரம்பூ போடும் வழக்கத்தை அந்த வீடு விட்டுவிட வேண்டும்.

பூ கிடைக்கும் வழியும் தேர்வின் ஒரு பகுதிதான். கடைப் பக்கெற்றில் பூவோடு இலையும் குச்சியும் தூளும் சேர்ந்திருக்கும். இலை வயிற்றைக் கழிய வைக்கும் குணமுள்ளது, பட்டை தோல் பதனிடப் பயன்பட்ட அளவுக்குத் துவர்ப்பது. மழைக்காலத்தில் கட்டிய பக்கெற்றைத் திறந்து மணந்து பாருங்கள். பழைய சாக்கின் வாடை வந்தால் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம். நாமே பறிப்பதானால் வேறு கவலை. ஆவாரை, வரண்ட வெளிகளில், பொத்துவில் பாணமைப் பக்கம் போனால் தாராளமாக நிற்கும். ஆனால் வயலோரத்தில் நிற்கும் செடியை நான் பறிக்கமாட்டேன், பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் வரம்புக்குக் களைநாசினி அடிக்கப்படுவதை இங்கு எல்லோரும் அறிவோம்.

செடியைச் சரியாக அறிவது இன்னும் முக்கியம். மஞ்சள் பூப் பூக்கும் அவரைக் குடும்பச் செடிகள் எல்லாம் ஆவாரை அல்ல. பேயாவாரை என்றும் பொன்னாவாரை என்றும் சொல்லப்படும் உறவுச் செடி ஒழுங்கையோரங்களில் தாராளம். அதன் விதைகளைத் தின்ற குழந்தைகள் ஈரலும் தசையும் மூளையும் தாக்குண்டு இறந்ததை, இந்தியாவின் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் நீண்டகாலம் மர்மக் காய்ச்சல் என்று நினைத்திருந்தார்கள். 2007இல்தான் காரணம் வெளியானது. வேறுபாட்டைக் கையில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆவாரையின் சிற்றிலைகள் சிறியவை, நுனி மழுங்கியவை, எட்டுச் சோடிக்குக் குறையாமல் நெருக்கமாக இருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் போன்ற அகன்ற செதில் ஒன்று நிற்கும். காய் கடதாசி போலத் தட்டையானது. பேயாவாரையில் சிற்றிலை நாலைந்து சோடிதான், பெரியது, நுனி கூரானது, கசக்கினால் குமட்டும் நாற்றம் வீசும். காய் தடித்துச் சற்று வளைந்திருக்கும். பெரியம்மாவின் ரின்னை ஒருநாள் பத்திரிகைத் தாளில் கொட்டிக் கிளறியபோது, மஞ்சள் இதழ்களுக்கிடையே கூரான நுனியுடைய இரண்டு சிற்றிலைகள் கிடைத்தன. மச்சாள் கொடுத்தது ஆவாரைதான். ஆனால் பறித்தவரின் கை, பக்கத்தில் நின்ற இன்னொன்றிலும் பட்டிருக்கிறது. அந்த ரின்னைத் தென்னைக்கடியில் கொட்டினோம். மச்சாளுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

தேங்காய்ப்பூக் கீரையில் இத்தனை சிக்கல் இல்லை. துருவிய தேங்காயைத் தண்டில் ஒட்டவைத்தாற்போல வெள்ளைப் பஞ்சாகப் பூப்பதால் அந்தப் பெயர். தமிழகத்தில் சிறுபூளை என்பார்கள், தைப்பொங்கலுக்கு முதல்நாள் ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் வாசலில் காப்புக் கட்டுவதும் இதைத்தான். நீரைப் பெருக்கும், கல்லடைப்புக்கு நல்லது என்பதே இதன் பரம்பரைப் பெயர். சலரோகத்துக்கு இதைத் தருவதில் ஒரு முரண் இருக்கிறது: சீனி கூடியிருக்கும்போது உடல் ஏற்கெனவே நீரை அதிகமாக வெளியேற்றிக்கொண்டிருக்கும், அதற்கு மேலும் நீர்ப்பெருக்கியைக் கொடுத்தால் களைப்பும் வறட்சியும் மிகும். சிறுநீரகம் பழுதானவருக்கு இலைக் கசாயம் எதுவானாலும் அதில் இறங்கும் பொற்றாசியம் ஆபத்து. அம்பாறை மாவட்டத்தின் மகாஓயா, தெஹியத்தகண்டிப் பக்கங்களில் காரணம் துலங்காத சிறுநீரக நோய் பரவியிருப்பதை எண்ணினால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் பரிசோதனை செய்யாமல் அந்தப் பகுதியில் எவரும் இதைத் தினமும் குடிக்கத் தொடங்கக் கூடாது. சுண்டலாகவோ இலைக்கஞ்சியாகவோ சாப்பிடுவது வேறு. நம் பாட்டிமார் சாப்பிட்டதும் அப்படித்தான்.

எந்தக் கோப்பையை எடுத்தாலும், கூடவே எந்த மாத்திரை என்ற கேள்வி வரும். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி அளவுமீறி இறங்குவது அரிது. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்றவற்றையோ இன்சுலினையோ எடுப்பவருக்கு அது எளிதில் நேரும். குருதிச் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் நோன்பு காலத்தில் விடியுமுன் உண்ணும் சஹருக்கு மாத்திரையும் எடுத்து மூலிகையும் குடித்துவிட்டுப் பகல் முழுதும் பட்டினி இருப்பவர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டியவர்கள்.

மூலிகை வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு காலைக் குருதிப் பரிசோதனை போதாது. முதல்நாள் இரவு என்ன சாப்பிட்டோம் என்பதே அதில் பெரும்பாலும் தெரியும். ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை, மூலிகையைத் தொடங்கும் முன்னரும் மூன்று மாதத்தின் பின்னரும் செய்து, இடையில் மாத்திரையையும் சாப்பாட்டையும் மாற்றாமல் இருந்தால்தான் பூவுக்கு ஏதேனும் பங்குண்டா என்று சொல்லலாம். பெரியம்மா செய்தது இதற்கு நேர்மாறு. ஆவாரம்பூ குடித்த முதல் மாதத்தில் காலைச் சீனி 140க்கு வந்தது என்ற மகிழ்ச்சியில் மாத்திரையை யாருக்கும் சொல்லாமல் நிறுத்தினார்; ஆறு கிழமையில் அது 290இல் நின்றது. கிளினிக்கில் கேட்டபோதும் மூலிகை குடிப்பதை அவர் சொல்லவில்லை, ஏச்சு விழும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முன்னொருமுறை ஒரு கிளினிக்கில் இதைச் சொல்லி எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். ஆனால் சொல்லாமல் விட்டால் வைத்தியர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார், நாமும் இரகசியமாகப் பூவைக் கூட்டுவோம்.

மூலிகையாகவே வைத்தியம் செய்ய விரும்புபவருக்குச் சரியான வழி, பக்கத்து வளவும் அன்று, மருந்துச் சரக்குக் கடையும் அன்று. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற சித்த, யூனானி, ஆயுள்வேத வைத்தியர்கள் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. அவர்களிடம் போகும்போது ஆங்கில வைத்தியத்தின் கொப்பியையும் கொண்டுபோக வேண்டும்.

பெரியம்மா இப்போது ஆவாரம்பூவைச் செவ்வாயிலும் சனியிலும் குடிக்கிறார்: ஒரு தேக்கரண்டி இதழ், ஒரு கோப்பை வெந்நீர், ஐந்து நிமிடம், வற்றக் காய்ச்சுவதில்லை. கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் நான் எழுதிக் கொடுத்ததை வைத்தியர் வாசித்துவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் பரிசோதனையும் செய்துகொள்ளச் சொன்னார். பூவை நாங்களே பறித்து, ஒவ்வொரு பூவாகக் காம்பைக் கிள்ளி, சுளகில் நிழலில் காயவைத்துக் கண்ணாடிப் போத்தலில் அடைக்கிறோம். ஐப்பசி கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் புதிதாகக் காயவைப்பதில்லை. போத்தல் முடிந்தால் வெயில் திரும்பும்வரை வெறுந்தேத்தண்ணிதான்.